கண்ணைத் தாழ்த்தாத பையன்

அன்புள்ள ஐயா,

மேற்படிப்புக்காக பிலடெல்ஃபியா வந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் 23ஆம் எண் பேருந்தில் ஜெர்மன்டவுன் அவென்யூ வழியாக வந்துகொண்டிருந்தேன். பதினாறு வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் ஏறினான். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இன்னொரு பையன் அவனைப் பார்த்தான். அவ்வளவுதான், "என்ன பார்க்கிறாய்?" என்று தொடங்கிவிட்டது. இருவரும் கண்ணை எடுக்கவில்லை. ஒரு வயதான அம்மா எழுந்து நடுவில் போய் நின்று இருவரையும் திட்டினார். அடுத்த நிறுத்தத்தில் ஒருவன் இறங்கிப் போனான். கூடப் படிக்கும் உள்ளூர் நண்பனிடம் சொன்னேன். "இங்கே ஒரு பார்வைக்காக ஆள் செத்திருக்கிறான்" என்றான்.

வறுமை எனக்குப் புரிகிறது, இந்த வீம்புதான் புரியவில்லை. இங்கே உள்ள நம்மவர்கள் பலர், கறுப்பின மக்களைச் சொல்லி, "அது அவங்க பண்பாடு, மாறாது" என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? இன்னொன்று. வடக்கு பிலடெல்ஃபியாவில் ஒரு மாலை வகுப்பில் கணக்கு சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள். போகலாமா என்று தயங்குகிறேன்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போன அதே சாலையைத்தான் இலைஜா ஆண்டர்சன் என்ற கறுப்பினச் சமூகவியலாளர் பல ஆண்டுகள் கவனித்து, அங்குள்ள மக்களோடு பழகி, 1999இல் நூலாக எழுதினார். வசதியான செஸ்ட்நட் ஹில்லில் தொடங்கி, அந்தச் சாலையில் கீழே இறங்கி வர வர, மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் விதமே மாறுவதை அவர் கண்டார். மேலே யாரும் யாரையும் சாதாரணமாகப் பார்த்துவிட்டுப் போகலாம். கீழே பார்வைக்கு நேரக்கணக்கு உண்டு. கொஞ்சம் கூடினால் அது முறைப்பு.

நீங்கள் 'வீம்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு அவன் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறான். பேருந்தில் இருந்த நாலு பேர் அதைப் பார்த்தார்கள். நாளைக்கு அவனுடைய ஷூவை ஒருவன் கேட்பான், அடுத்த வாரம் ஜாக்கெட்டைப் பிடுங்குவான். 'இவனை என்ன செய்தாலும் கேட்க ஆள் இல்லை' என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால், பள்ளிக்குப் போய் வருகிற ஒவ்வொரு நாளும் அவனுக்குக் கண்டம்தான். புகார் கொடுக்கப் போனால் வேலை நடக்காது என்பதோடு, 'காட்டிக்கொடுப்பவன்' என்ற பேரும் சேரும். ஆகவே, கை வைத்தால் திருப்பிக் கொடுப்பான் என்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்திருந்தால் பெரும்பாலும் அடிக்க வேண்டிய அவசியமே வராது. நடை, உடை, நிற்கும் தோரணை, பேச்சு எல்லாம் இதற்காகத்தான். அங்கே இதை 'ஜூஸ்' என்கிறார்கள். நம் பேச்சில் 'கெத்து' என்பதற்கு மிக நெருக்கமான சொல். அதைக் குறைக்கும்படி யார் எது செய்தாலும் அது 'டிஸ்', டிஸ்ரெஸ்பெக்ட் என்பதன் சுருக்கம்.

ஆண்டர்சன் பதிவு செய்ததில் ஒன்றை என்னால் மறக்க முடிவதில்லை. அடி வாங்கி அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிவரும் சின்னப் பிள்ளையை அம்மா உள்ளே விடுவதில்லை. போ, திருப்பிக் கொடுத்துவிட்டு வா, அழுதுகொண்டு இங்கே வராதே என்று திருப்பி அனுப்புகிறாள். படித்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் அவள் நிலைமை உறைத்தது. தான் கூட இல்லாத தெருவில் பிள்ளை இன்னும் பத்து வருடம் நடமாட வேண்டும். அதற்கு அவளால் கொடுக்க முடிந்த பாதுகாப்பு அது ஒன்றுதான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் என்ன பாடுபட்டிருப்பாள்!

அந்தப் பேட்டைகளில் வாழும் பெரும்பாலோர் சண்டைக்காரர்கள் அல்ல. வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் படிக்க வைக்கப் பாடுபடுகிறவர்கள். 'டீசன்ட்' (ஒழுங்கானவை), 'ஸ்ட்ரீட்' (தெருவோடு போனவை) என்று இரண்டு வகைக் குடும்பங்களை அவர்களே பிரித்துச் சொல்கிறார்கள். ஆனால் டீசன்ட் வீட்டுப் பிள்ளைக்கும் தெருவின் விதி தெரிந்தாக வேண்டும். வீட்டில் ஒரு பேச்சு, தெருமுனையில் ஒரு பேச்சு. நன்றாகப் படிக்கிற பையன்தான் அதிகம் சீண்டப்படுகிறான் என்பதால், அவன்தான் கூடுதலாக முறுக்கிக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது. நீங்கள் பேருந்தில் பார்த்தவன் அப்படிப்பட்ட பையனாகவே இருந்திருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

இந்தப் பிரிவினையையே லோயிக் வாக்கான் என்ற சமூகவியலாளர் 2002இல் கடுமையாக விமர்சித்தார். மக்கள் ஒருவரை ஒருவர் எடைபோடப் பயன்படுத்தும் சொற்களை ஆய்வாளர் எடுத்து இரண்டு நிலையான பெட்டிகளாக ஆக்கிவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மாதிரி, தம்பி ஒரு மாதிரி. ஒரே ஆள் இருபது வயதில் ஒரு மாதிரி, நாற்பதில் வேறு மாதிரி.

சரி, பண்பாடு என்ற பேச்சுக்கு வருகிறேன். இதில் எனக்கு உங்கள் நண்பர்கள் மேல் வருத்தம் உண்டு. எண்களைப் பாருங்கள். பிலடெல்ஃபியாவில் 2021இல் 562 பேர் கொலை செய்யப்பட்டார்கள். அந்த நகரத்தின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். 2024இல் அது 269. மூன்றே வருடத்தில் பாதிக்கும் கீழ். தெருக்கள் அதே தெருக்கள், மக்களும் அதே மக்கள். ரத்தத்தில் ஊறிய பண்பாடு மூன்று வருடத்தில் பாதியாகக் கரைந்துவிடுமா?

உங்கள் பேருந்து நைஸ்டவுன் வழியாகத்தானே வருகிறது? அங்கே மிட்வேல் என்ற பெரிய உருக்காலை இருந்தது. 1976இல் மூடினார்கள். இன்னும் தெற்கே ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த ஸ்டெட்சன் தொப்பி ஆலை, 1971இல் மூடியது. பள்ளிப் படிப்பு மட்டும் இருந்த ஒரு இளைஞனுக்குச் சம்பளமும் அதோடு ஒரு மதிப்பும் கொடுத்த இடங்கள் இவை. வேலை போனபோது மற்ற ஊர்களுக்கு நகரலாமே என்றால், 1930களிலேயே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, அங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து என்று எழுதிவைத்திருந்தார்கள். சேமிப்பாக வளர வேண்டிய வீட்டின் மதிப்பு வளரவில்லை, அதை விற்று நகர்வதும் சுலபமாக இல்லை. ஆலைகள் போன இடத்தில் 1980களில் கிராக் என்ற போதைப்பொருளின் வியாபாரம் வந்தது, அதோடு துப்பாக்கியும் வந்தது.

அப்புறம், போலீஸ். 1985 மே 13 அன்று மேற்கு பிலடெல்ஃபியாவில் ஒரு குழுவைப் பிடிக்கப் போன காவல்துறை, ஹெலிகாப்டரிலிருந்து அவர்கள் வீட்டின் மேல் குண்டு போட்டது. தீயை உடனே அணைக்காமல் எரிய விட்டார்கள். பதினொரு பேர் செத்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். 61 வீடுகள் எரிந்தன. அதைப் பார்த்தவர்கள் இன்றும் அந்த ஊரில் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். 'பிரச்சினை என்றால் போலீஸைக் கூப்பிடு' என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!

இவ்வளவும் சொன்னதால் அந்த விதியை நான் நியாயப்படுத்துவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பிள்ளைகளைக் கொல்கிறது. துப்பாக்கி எடுத்தவன் எடுத்ததற்குப் பொறுப்பாளிதான், செத்தவனின் அம்மாவிடம் போய் ஆலை மூடிய கதையைச் சொல்ல முடியாது. நான் கேட்பது ஒன்றுதான்: கண்ணைத் தாழ்த்திவிட்டுப் போகிற பையனுக்கு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்று யார் உறுதி கொடுப்பது? அதைச் சொல்ல ஆள் இல்லாதவரை அவனுக்கு அறிவுரை சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

இப்போது அந்த வயதான அம்மாவைப் பற்றி. அவர் செய்தது எவ்வளவு நுட்பமான காரியம் என்று பாருங்கள். இரண்டு பையன்களும் உள்ளுக்குள் இதிலிருந்து விடுபட்டால் போதும் என்றுதான் நின்றிருப்பார்கள். ஆனால் முதலில் பின்வாங்குகிறவன் தோற்றவன். அவர் இருவரையும் சேர்த்துத் திட்டியதும் ஒரு வழி பிறந்தது. இறங்கியவன் பயந்து இறங்கவில்லை, பெரிய மனுஷி சொன்னாள் என்று இறங்கினான். யாருக்கும் கெத்து குறையவில்லை.

சிகாகோவில் இதையே திட்டம் போட்டுச் செய்து பார்த்தார்கள். கேரி ஸ்லட்கின் என்ற மருத்துவர் 2000இல் தொடங்கிய முயற்சியில், முன்பு இதே தெருச் சண்டைகளில் இருந்து வெளியே வந்தவர்கள், பகை முற்றுவதற்கு முன்பே நடுவில் புகுந்து பேசுகிறார்கள். அதே நகரத்துப் பள்ளிகளில் பையன்களுக்காக ஒரு வகுப்பு நடக்கிறது. அதில் ஒரு பயிற்சி: இருவர் இருவராகப் பிரித்து, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, முப்பது வினாடியில் அதை வாங்கு என்று மற்றவனிடம் சொல்கிறார்கள். விரலைப் பிரிக்கிறான், கையை முறுக்குகிறான், இருவரும் தரையில் உருள்கிறார்கள். முடிந்ததும் ஆசிரியர் கேட்கிறார்: "ஏன் யாருமே 'கொடு' என்று கேட்கவில்லை?" கேட்டால் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருப்பான் என்கிறான் ஒருவன். பந்து வைத்திருந்தவனைக் கேட்டால், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே என்கிறான். சண்டையே போடாதே என்று அந்த வகுப்பில் யாரும் சொல்வதில்லை. அவர்கள் தெரு எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு கணம் நிறுத்தி, இது சண்டை போட்டே ஆக வேண்டிய நேரம்தானா என்று பார் என்கிறார்கள். வகுப்பு நடந்த காலத்தில் அந்தப் பையன்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது ஏறக்குறையப் பாதி குறைந்தது.

உங்கள் ஊரிலேயே இன்னொன்றும் நடந்தது. 541 காலிமனைகளை எடுத்து, அவற்றில் சிலவற்றைக் குப்பை அகற்றி, புல் போட்டு, தாழ்வான மரவேலி கட்டி, மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், ஏழைப் பகுதிகளில் சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது.

அந்த மாலை வகுப்புக்குப் போங்கள். தயங்காதீர்கள். முதல் மாதம் கணக்கை மட்டும் சொல்லிக்கொடுங்கள், வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். தப்பாகப் போட்டவனை மற்றவர்கள் முன்னால் திருத்தாதீர்கள், பக்கத்தில் போய்க் குனிந்து சொல்லுங்கள். பேர்களைச் சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். வகுப்பு முடிந்த பிறகும் ஒருவன் பையை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கமே நின்றால், ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்காதீர்கள். வெளியே தெருமுனையில் அவனுக்காக யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம். இன்னும் இரண்டு கணக்கு போடலாமா என்று நீங்களாகவே கேளுங்கள், கதவைப் பத்து நிமிடம் கழித்துப் பூட்டலாம்.

அன்புடன்