அங்கே காம்பாக்ட் என்றால் இன்னோவா நீளம்

நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்து நாலு மாதமான லாஸ்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, மூணு வயசுப் பையன் இருக்கிறான், அக்டோபரில் அடுத்த குழந்தை. பிரசவத்துக்கு அத்தை மாமா வருகிறார்கள். காம்பாக்ட் எஸ்யூவி போதுமா, மிட்சைஸே எடுத்துவிடவா?"

நான் இப்போது விடுமுறையில் கடலூரில் இருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் கரண்ட் போய் அரை மணி ஆகிறது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த இரண்டு சொல்லையும் பாண்டியிலேயே விட்டுவிடுங்கள் தம்பி. இங்கே காம்பாக்ட் என்றால் வரிக்காக நாலு மீட்டருக்குள் அளந்து செய்யும் பிரெஸ்ஸா, நெக்ஸான் வகை. 4.3 மீட்டர் கிரெட்டாவை மிட்சைஸ் என்கிறோம். அமெரிக்காவில் காம்பாக்ட் என்று விற்கும் ஹோண்டா சிஆர்-வி கிட்டத்தட்ட 4.7 மீட்டர். எங்கள் வாசலில் நிற்கும் வாடகை இன்னோவா கிறிஸ்டாவும் அதே அளவுதான். நேற்று லாரன்ஸ் ரோட்டில் அதைத் திருப்ப டிரைவர் பட்ட பாட்டைப் பார்த்ததும் உங்கள் கேள்வி ஞாபகம் வந்தது. மிட்சைஸ் ஹோண்டா பைலட்டோ 5 மீட்டரைத் தாண்டும். ஆக, 'சின்ன வண்டியோ' என்ற கவலை வேண்டாம்.

என் யோசனை, காம்பாக்ட் போதும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன்னால் மாமியார், மாமனார் வருகிறார்கள் என்றுதான் நாங்களும் மூன்று வரிசை இருக்கை உள்ள மிட்சைஸ் எடுத்தோம். நியூவார்க் விமான நிலையத்துக்கு ஜம்பமாகப் போனோம். நாங்கள் நாலு பேர், அவர்கள் இரண்டு பேர், 23 கிலோ பெட்டி நாலு. மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் அதன் பின்னால் கைப்பை வைக்கத்தான் இடம். ஏழு பேர் போகலாம் என்று விற்றவர் சொன்னது பொய்யில்லை. ஏழு பேரும் பெட்டியும் போகலாம் என்று அவர் சொல்லவே இல்லை. கடைசியில் கணவர் பெட்டிகளோடு வண்டியில் வந்தார், நாங்கள் டாக்சியில் வந்தோம். பண்ருட்டி முந்திரிப் பொட்டலத்தை மட்டும் மாமியார் யாரையும் நம்பாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

சரி, பெட்டி ஒரு நாள் கூத்து. அப்புறம்? நடு வரிசையில் பிள்ளைகளின் இரண்டு சைல்ட் சீட்டையும் இறுக்கிக் கட்டியிருக்கும்போது, அந்த இருக்கையை மடக்கிப் பின்னால் ஏறுவது பெரும்பாடு. முழங்கால் வலியோடு எழுபது வயதுக்காரர் எப்படி ஏறுவார்? பெரும்பாலும் நான்தான் உள்ளே தவழ்ந்து போய் உட்கார்ந்தேன். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு வருஷம் பூராவும் அந்தத் தேரை நான் ஒருத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஓக் ட்ரீ ரோட்டில் அதற்கு இடம் தேடிப் பாருங்கள், தெரியும்.

பெட்ரோலும் அப்படித்தான். பெட்ரோலோடு பேட்டரியும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட் வகை டொயோட்டா ரேவ்4, அதுவும் காம்பாக்ட்தான், லிட்டருக்குச் சுமார் 17 கிலோமீட்டர் தரும், நாலு சக்கரமும் இழுக்கும் பைலட் 9. பனிக்குப் பெரிய வண்டிதான் நல்லது என்று அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். பனியில் பிரேக் பிடித்து நிற்க உதவுவது டயர்தான். அதற்குச் செலவழியுங்கள்.

பெரியவர்களோடு நயாகராவோ வாஷிங்டனோ போகும் வாரம் மட்டும் மினிவேன் வாடகைக்கு எடுங்கள். தரை தாழ்வு, கதவு பக்கவாட்டில் நகரும், வயதானவர்கள் சிரமமில்லாமல் ஏறுவார்கள். மூன்றாவது குழந்தைக்கும் எண்ணமிருந்தால் மிட்சைஸைத் தாண்டி நேரே மினிவேனுக்கே போய்விடுங்கள். நம்மவர்கள் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஷோரூமுக்குப் போகும்போது சைல்ட் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். கைக்குழந்தைக்கு அதைப் பின்பக்கம் பார்த்தபடி கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் முன் இருக்கையை முன்னுக்குத் தள்ள வேண்டிவரும். கட்டிவிட்டு நீங்கள் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். முட்டி இடித்தால் அந்த மாடல் வேண்டாம், அடுத்த காம்பாக்டைப் பாருங்கள்.

நாலு மாதத்தில் உங்களுக்குக் கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது அங்கே கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய பதிவு, பெரிதாக இருக்காது; வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதலாகத்தான் கேட்பார்கள். மாதத் தவணையைப் பேசாதீர்கள். 60 மாதத்தை 84 ஆக்கினால் எந்த வண்டியும் மலிவாகத்தான் தெரியும். வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று. கடலூர்க்காரர்கள் வரி குறைவென்று பாண்டியில் வண்டி எடுத்து பி.ஒய். நம்பரோடு சுற்றுவது உங்களுக்குத் தெரியும். பக்கத்து டெலவேரில் விற்பனை வரி இல்லையே என்று அந்தப் புத்தி அங்கேயும் வேலை செய்யும். நியூ ஜெர்சியில் பதியும்போது 6.625 சதவீதத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தார்.

மணக்குள விநாயகர் இல்லாமல் பூஜையா என்று அம்மா கேட்டால், பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேசுவரர் கோயிலில் வண்டி பூஜை உண்டென்று சொல்லுங்கள். எலுமிச்சம்பழத்துக்குச் சின்ன லைமாக வாங்குங்கள். நாங்கள் பெரிய லெமனைக் கொண்டுபோய் வைத்தோம், சக்கரத்தில் நசுங்காமல் உருண்டு அடுத்த வண்டிக்கடியில் போய்விட்டது.