இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஊட்னடாட்டா பாதையைக் கடக்கலாமா?

நண்பர் கேட்டிருப்பது இது: தம்மிடம் 1997ஆம் ஆண்டின் லேண்ட் குரூசர் 80 வரிசை டீசல் வண்டி இருக்கிறது, அதில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா பாதையில் குடும்பத்துடன் போகலாமா, அல்லது அதற்காகப் புதிய வண்டி வாங்க வேண்டுமா? அடிலெய்டில் வசித்துக்கொண்டு, அதே வரிசை வண்டியை அந்தப் பக்கங்களில் ஓட்டி வருபவன் என்ற முறையில் என் பதில்: தாராளமாகப் போகலாம், புதிய வண்டி தேவையில்லை. ஆனால் அந்தப் பாதை வண்டியை எப்படிச் சேதப்படுத்துகிறது என்பதைப் புரிந்துகொண்டு, அதற்கேற்ப வண்டியைத் தயார் செய்து, அதற்கேற்ற வேகத்தில் ஓட்ட வேண்டும்.

மரீ என்னும் சிற்றூரில் தொடங்கி, வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா வழியாக, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் உள்ள மார்லாவில் முடியும் இந்த மண் பாதையின் நீளம் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். காய்ந்த காலத்தில் இதைக் கடப்பதற்கு அசாத்தியத் திறமை எதுவும் வேண்டியதில்லை. சிம்ப்சன் பாலைவனத்தைப் போல ஏறி இறங்க வேண்டிய மணற்குன்றுகள் இங்கே கிடையாது. இருப்பவை தளர்ந்த சரளை, தரையெங்கும் பரவிக் கிடக்கும் கிப்பர் எனப்படும் கூர்மையான கற்கள், ஓடைகள் குறுக்கிடும் திடீர்ப் பள்ளங்கள், ஆங்காங்கே மாவு போன்ற புழுதி நிரம்பிய குழிகள், இவை எல்லாவற்றையும் விட முக்கியமாக, பாதைக்குக் குறுக்கே இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாக எழும்பி நிற்கும் வரிமேடுகள். கிரேடர் இயந்திரம் ஓடிச் சமன் செய்த சில நாள்களுக்குப் பாதை நன்றாகவே இருக்கும். பிறகு ஒவ்வொரு சக்கரமும் துள்ளி விழும்போது மண்ணைச் சிறிது தள்ளிவிட, அடுத்த சக்கரம் அதே இடத்தில் துள்ள, மேடுகள் தாமாகவே வளர்கின்றன. பழைய வண்டியை வீழ்த்துவது பெரும்பாலும் இந்த வரிமேடுகள் தரும் ஓயாத அதிர்வுதான். ஒரே அடியில் எதுவும் உடைவதில்லை. மணிக்கணக்கில் ஆட்டம் கண்டு, தளர்ந்து, பிறகு உடைகிறது.

வரிமேட்டில் வேகமாகப் போனால் அதிர்வு தெரியாது என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தெரியாது என்பது உண்மைதான், ஏனென்றால் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரங்கள் மேடுகளின் உச்சியை மட்டுமே தொட்டுத் தாவுகின்றன. அப்படித் தாவும்போது டயர் தரையில் பதிந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. பிரேக்கும் ஸ்டியரிங்கும் சொன்னபடி கேட்பதில்லை. வளைவு ஒன்றோ ஓடைப் பள்ளம் ஒன்றோ வந்தால் வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது. இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சுகமாக இருக்கிறது என்பதற்காக, அடியில் உள்ள ஷாக் அப்சார்பருக்கும் சுகமாக இருக்கிறது என்று பொருளில்லை. மோசமான பகுதிகளில் 60 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் இருப்பதும், நல்ல பகுதிகளிலும் 80ஐத் தாண்டாமல் இருப்பதும் என் பழக்கம். அதற்காகக் கூடுதலாக ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை.

வேகத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது டயரின் காற்று. தார்ச் சாலையில் காற்றழுத்தம் 38 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால், மண் பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அதை 28 அளவுக்கு இறக்கிவிடுங்கள். காற்றுக் குறைந்த டயர் மேடுகளைத் தானே விழுங்கிக்கொள்வதால் சஸ்பென்ஷனுக்குப் போகும் அடி குறைகிறது. கூர்மையான கல்லின் மீது ஏறும்போது, விறைப்பான டயர் குத்துப்படும் இடத்தில் இது வளைந்து கொடுக்கிறது. ஆனால் காற்றைக் குறைத்துவிட்டு வேகத்தைக் குறைக்காமல் ஓடினால், பக்கச்சுவர் இடைவிடாமல் மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு அது தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கின்றன. பட்டன் தேயாமல் அழகாக இருந்தாலும், பத்து ஆண்டு பழைய டயரை நம்பிக் குடும்பத்தை ஏற்றாதீர்கள். இலகு ரக லாரிகளுக்கான கனத்த டயர்கள் இங்கே உகந்தவை. ஸ்டெப்னி இரண்டு, பஞ்சர் ஒட்டும் திரி, பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஆகியவை கட்டாயம் வேண்டும்.

ஷாக் அப்சார்பரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பழைய வண்டிகள் பெரும்பாலும் இதில்தான் கைவிடுகின்றன. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எண்ணெய் வழியாக வெப்பமாக மாற்றுவதுதான் அதன் வேலை. வரிமேட்டில் நிற்காமல் ஓடினால், உள்ளே இருக்கும் எண்ணெய் கொதிக்கக் கொதிக்கச் சூடேறி, நீர்த்து, நுரைத்து, ஆட்டத்தை அடக்கும் சக்தியை இழக்கிறது. தொடர்ந்து ஓடினால் சீல் பிய்ந்து எண்ணெய் வெளியே வந்துவிடும். அதனால் மணிக்கு ஒரு முறை நிறுத்திப் பத்து நிமிடமாவது ஆற விடுங்கள். அப்போது குனிந்து பாருங்கள். சிவந்த புழுதி எல்லா இடத்திலும் ஒரே சீராக, உலர்ந்து படிந்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு ஷாக் அப்சார்பரின் உடலில் மட்டும் புழுதி கருத்து, ஈரமாக ஒட்டியிருந்தால், அங்கே சீல் கசிகிறது. பிறகு புறங்கையை ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டு போங்கள், தொட வேண்டாம். நான்கில் மூன்று அனல் வீசி, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அந்தக் குளிர்ந்தது வேலை செய்யவில்லை, அதன் சுமையை மற்றவை தூக்கிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் வண்டியின் வயதைக் கிலோமீட்டர் மானியில் பார்க்காமல் ரப்பரில் பாருங்கள். அதிகம் ஓடாத வண்டியாக இருந்தாலும், ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ், பெல்ட், பிரேக் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் ஆண்டுக்கணக்கில் காய்ந்து வெடித்திருக்கும். அவற்றை மாற்றியது எப்போது என்று தெரியாவிட்டால், மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த 4.2 லிட்டர் டர்போ இல்லாத டீசல் என்ஜினின் டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அது ஓடும்போது அறுந்தால் வழியில் சரிசெய்ய வழியில்லை. சக்கர பேரிங்குகளைத் திறந்து புதிய கிரீஸ் வைப்பதும், பேட்டரியின் இறுக்குப் பட்டையைச் சரிபார்ப்பதும் சிறிய வேலைகளாகத் தெரியும்; ஆனால் தளர்ந்த பேட்டரி ஒன்று குலுங்கினால் உள்ளே தகடு உடைந்து, அடுத்த நாள் காலை வண்டி கிளம்பாது. இன்னொன்று, பழைய டீசல் தொட்டியின் அடியில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருக்கும் துருவும் சகதியும் வரிமேட்டில் கலங்கி எழுந்து டீசல் ஃபில்டரை அடைத்துவிடும். வண்டி ஏற்றத்தில் இழுக்க மறுத்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாற்று ஃபில்டர் இரண்டும், அதைக் கழற்றும் கருவியும் வண்டியில் இருக்கட்டும். ஒவ்வொரு மாலையும் சக்கர நட், ரூஃப் ரேக் போல்ட், ரேடியேட்டர் தாங்கிகள் ஆகியவற்றின் மீது ஸ்பானரை ஒரு முறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் பழைய வண்டியே போதும் என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் என்ஜினில் டீசலை அளந்து தெளிக்கும் பம்ப் முழுக்க இயந்திர வகை; கணினி இல்லை, சென்சார் ஒன்று பழுதானதால் சக்தியை அடக்கிக்கொண்டு ஊர்ந்து போகும் நிலை அதற்கு வராது. எது கெட்டாலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மேலும், 1990 முதல் 1998 வரை வந்த இந்த வரிசையை அறியாத மெக்கானிக் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பகுதிகளில் அபூர்வம்.

எடையைக் குறையுங்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கூரையின் மேல் தண்ணீர்க் கேன்களையும் டீசல் கேன்களையும் அடுக்கிக்கொண்டு போவது படத்தில் நன்றாக இருக்கும். வரிமேட்டில் அந்த எடை ரேக்கைப் பிளக்கும், பள்ளத்தில் வண்டியைச் சாய்க்கும். மரீயிலிருந்து வில்லியம் க்ரீக், அங்கிருந்து ஊட்னடாட்டா, அங்கிருந்து மார்லா என ஒவ்வொரு கட்டமும் 200 கிலோமீட்டரை ஒட்டியே வருகிறது. நான்கு இடங்களிலும் டீசல் கிடைக்கிறது. மண் பாதையில் 100 கிலோமீட்டருக்கு 14 லிட்டர் குடித்தாலும், நிரம்பிய தொட்டி இந்தக் கட்டங்களுக்குத் தாராளம். கூடுதல் டீசலுக்குப் பதிலாகத் தண்ணீரை ஏற்றுங்கள், அதையும் வண்டிக்குள் தாழ்வாக வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இந்தப் பாதை புதியவர்களை ஏமாற்றக்கூடியது. இது நீரூற்றுகளைத் தொட்டுத் தொட்டுச் செல்லும் பாதை. மாபெரும் ஆர்ட்டீசியன் படுகையின் நிலத்தடி நீர் அரபனா என்னும் பூர்வகுடி மக்களின் இந்த மண்ணில் ஊற்றுகளாகப் பீறிட்டு வருகிறது. அந்த ஊற்றுகளைப் பற்றிக்கொண்டுதான் 1859இல் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற நில ஆய்வுப் பயணி வடக்கே நகர்ந்தார், 1872இல் நிறைவடைந்த தந்திக் கம்பி போனது, நீராவி என்ஜினுக்குத் தண்ணீர் தேவைப்பட்ட பின்னாளில் கான் என்று பெயர் பெற்ற பழைய ரயில் பாதையும் 1891இல் ஊட்னடாட்டாவை அடைந்தது. ஆனால் அந்த நீர் உப்பும் தாதுக்களும் மிகுந்தது. கவர்ட் ஸ்பிரிங்ஸில் இறங்கிக் குளிக்கலாம்; குடிநீருக்கு அதை நம்பக் கூடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று கணக்கிட்டு, திட்டமிட்ட நாள்களுக்கு மேல் மூன்று நாள்களுக்கான தண்ணீரைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று பதிவான வெப்பம் 50.7 டிகிரி செல்சியஸ். மே முதல் ஆகஸ்ட் வரை மட்டுமே போங்கள். கோடையில் வேண்டவே வேண்டாம்.

வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடக்கக் கூடாது. இதை உங்கள் பிள்ளைகளும் கேட்கும்படி, புறப்படும் முன்பே உரக்கச் சொல்லுங்கள். 1998 டிசம்பரில், வில்லியம் க்ரீக்கிலிருந்து காட்டி தண்டா-ஐர் ஏரிக்கரைக்குப் போன ஆஸ்திரிய இணையரின் வண்டி மணலில் புதைந்தது. உதவி தேடி நடந்த பெண் வழியிலேயே வெப்பத்தில் உயிரிழந்தார்; திரும்பி வந்து வண்டியருகே தங்கிய ஆண் பிழைத்துக்கொண்டார். அந்த இளம்பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. வானிலிருந்து தேடுபவர் கண்ணுக்கு வண்டி எளிதில் தென்படும், நடந்து போகும் மனிதர் தென்படமாட்டார். நிழலும் தண்ணீரும் வண்டியில்தான் இருக்கின்றன. கைப்பேசிக்கு ஊர்களைத் தாண்டினால் சிக்னல் கிடையாது. 406 மெகாஹெர்ட்ஸ் அவசரச் சமிக்ஞைக் கருவி ஒன்றைப் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் சாட்டிலைட் போனும் வாடகைக்கு எடுங்கள். யு.ஹெச்.எஃப். ரேடியோவை 40ஆம் சேனலில் வைத்திருந்தால், எதிரே வரும் மாட்டு லாரித் தொடர்களுடன் பேசலாம். அவை வரும்போது இடப்பக்கம் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, புழுதி அடங்கும் வரை பொறுத்திருங்கள். இருட்டத் தொடங்கும் முன் வண்டியை நிறுத்திவிடுங்கள்; கங்காருவும் மாடும் பாதைக்கு வரும் நேரம் அது.

மழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் ஓட்டினால் அபராதம் உண்டு. அதைவிட வருத்தமான செய்தி, ஈரக் களிமண்ணில் நீங்கள் உழுதுவிட்டுப் போகும் தடம் காய்ந்து, அடுத்த கிரேடர் வரும் வரை அங்கே வாழ்பவர்களின் பாதையாக இருக்கும். நிலைமையை மாநில அரசின் சாலை அறிவிப்பிலும், மரீயிலும் மார்லாவிலும் உள்ள பலகைகளிலும் பாருங்கள். ஓரிரு நாள் ஊரில் தங்கிக் காத்திருக்கும் அளவுக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது முன் சக்கரங்களை இயக்கத்துடன் இணைக்கும் ஹப்களைப் பூட்டி, வழக்கமான வேகத்துக்கான ஹை ரேஞ்ச் ஃபோர் வீலில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வகையாக இருந்தால், இதற்கென்று எதுவும் செய்ய வேண்டியதில்லை. இழுவை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து போவதால், தளர்ந்த சரளையில் பின்பக்கம் வழுக்குவது குறையும். ஜன்னல்களை மூடி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து விசிறியை ஓட விட்டால், உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடி, பழைய கதவு ரப்பர்களின் இடுக்கில் புழுதி நுழைவது பெருமளவு தடைபடும்.

வில்லியம் க்ரீக்கை முடிவெடுக்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வந்து சேர்ந்ததும் வண்டியின் அடியை நிதானமாகப் பாருங்கள். ஷாக் அப்சார்பர் கசிந்தாலோ, தாங்கி எதிலாவது விரிசல் கண்டாலோ, மேற்கே 166 கிலோமீட்டரில் கூபர் பீடி இருக்கிறது. அங்கே ஒர்க் ஷாப்பும் தார்ச் சாலையும் உண்டு. எல்லாம் சரியாக இருந்தால் வடக்கே தொடருங்கள்; ஊட்னடாட்டாவுக்கு முன்னால் நீல்ஸ் ஆற்றின் மேல் 1892இல் திறக்கப்பட்ட, 578 மீட்டர் நீளமுள்ள அல்ஜிபக்கினா ரயில் பாலத்தருகே ஓர் இரவு தங்குங்கள், பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். மார்லாவை அடைந்ததும், தார்ச் சாலையில் ஏறும் முன், டயரில் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றி, ஃபோர் வீலை எடுத்துவிட்டு ஹப்களைத் திறந்துவிடுங்கள். பூட்டியபடியே தார்ச் சாலையில் ஓட்டினால், வளைவுகளில் சக்கரங்கள் வழுக்கி ஈடுகட்ட இடமில்லாமல் முறுக்கம் முழுவதும், இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் ஏறும்.