படுக்கையில் இருப்பவரும் பக்கத்தில் இருப்பவரும்: கேள்வி பதில்

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் நான், 16 வருடமாக. பக்கவாதம் வந்த என் அம்மாவையும் வீட்டில் வைத்து ஆறு வருடம் பார்த்துக்கொண்டேன். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

சிஸ்டர், அப்பா படுத்து நாலு மாதம் ஆகிறது. ஏர் பெட் வாங்கிப் போட்டும் முதுகுக்குக் கீழே சிவந்திருக்கிறது. ஏன்?

ஏர் பெட் போட்டுவிட்டால் திருப்பிப் போட வேண்டாம் என்று பல வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். பெட் இருந்தாலும் 2 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். சிவந்த இடத்தை விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் இன்னும் தப்பிக்கலாம். வெளுக்கவே இல்லையென்றால் புண் உள்ளே ஆரம்பித்துவிட்டது, உடனே நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. தேங்காயெண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்து, இருந்த தோலையும் உரித்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, அவரை இழுக்காதீர்கள். பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம் வேட்டியைப் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் தோல் உரசாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் பாருங்கள். முட்டை, பருப்பு, மீன் என்று எது இறங்குகிறதோ கொடுங்கள். சத்து இல்லாத உடம்பில் புண் ஆறாது.

கணவருக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். தண்ணீருக்காகத் தினமும் சண்டை. மறைத்துக் குடிக்கிறார்.

நீங்கள் காவல் காப்பதை முதலில் நிறுத்துங்கள். முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி சேர்த்துக்கொள்ளலாம் என்பது பொதுவான கணக்கு. அவருக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் அவரே கேட்கட்டும். காலையில் அந்த அளவை ஒரு பாட்டிலில் ஊற்றி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். காபி, ரசம், மோர், கஞ்சி எது குடித்தாலும் அந்த அளவுத் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து அவரே வெளியே கொட்டிவிட வேண்டும். எப்போது குடிப்பது என்பது அவர் முடிவு. பாதிச் சண்டை இதிலேயே அடங்கும். நோய் வந்த மனிதரிடமிருந்து எல்லா முடிவையும் நாம் பிடுங்கிக்கொள்கிறோம், அந்தக் கோபம்தான் ஒளித்துக் குடிப்பதாக வெளியே வருகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு நிறுத்தினால் தாகமும் குறையும்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் இளநீர் வாங்கி வருவார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இதயத் துடிப்பையே கெடுத்துவிடும்.

மாமியாருக்கு மூக்கில் டியூப். கஞ்சி ஊற்றும்போது இருமுகிறார்.

இருமினால் உடனே நிறுத்துங்கள். டியூபில் மூக்கு ஓரமாகப் போட்ட குறி இடம் மாறியிருந்தால் நர்ஸ் பார்க்கும்வரை எதுவும் ஊற்றாதீர்கள். சரியாக இருந்தாலும் படுத்த நிலையில் ஊற்றக் கூடாது. தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி ஊற்றி, அப்புறம் ஒரு மணி நேரமாவது அப்படியே சாய்த்து வையுங்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வந்துவிடும்.

எனக்கு 38 வயது. முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. மனைவிக்குப் பாரமாக இருக்கிறேன்.

தம்பி, ‘அப்படியெல்லாம் நினைக்காதே’ என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நான் வேறொன்று சொல்கிறேன். என் அம்மாவுக்கு வலது கை வராது. ஒரு நாள் இடது கையால் பூண்டை மேசையில் அழுத்தி, நகத்தால் கீறி உரித்துக்கொண்டிருந்தார். பத்துப் பல் உரிக்க முக்கால் மணி நேரம். அடுப்பில் குழம்பு, எனக்கு டியூட்டிக்கு நேரமாகிறது. வெடுக்கென்று பிடுங்கி நானே உரித்தேன். இரண்டு நாள் அம்மா என்னிடம் பேசவில்லை. அதற்கப்புறம் முந்தின ராத்திரியே பூண்டை அவர் முன்னால் வைத்துவிடுவேன்.

வீட்டில் ஒரு வேலையை முழுசாக உங்கள் பொறுப்பாகக் கேட்டு வாங்குங்கள். கரண்ட் பில், மளிகைக் கணக்கு, பிள்ளைகளின் பாடம், எதுவானாலும் சரி. மனைவி அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லாதபடி செய்யுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

வீட்டுக்கே வந்து பார்க்க அரசு ஏற்பாடு உண்டா?

தமிழ்நாட்டில் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், பிசியோ, படுக்கையில் இருப்பவர்களுக்கான நர்ஸ் கவனிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

அம்மாவுக்கு மறதி நோய். நான் ஒருத்திதான் பார்க்கிறேன், அண்ணன்கள் பணம் அனுப்புவார்கள். நேற்று அம்மாவைப் பார்த்துக் கத்திவிட்டேன். இன்னும் அழுகை நிற்கவில்லை.

நானும் கத்தியிருக்கிறேன் அம்மா. பொதுவாகத் தூக்கம் போன பிறகுதான் அது வரும். கை ஓங்கத் தோன்றினால் அம்மாவைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு வாசல் வரை போய் நில்லுங்கள்.

அண்ணன்களிடம் ‘வந்து பாருங்கள்’ என்று சொன்னால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தேதி சொல்லிக் கேளுங்கள்: “14, 15 இரண்டு ராத்திரியும் அம்மாகூட நீ படுத்துக்கொள்.” மாத்திரை நேரம், டயப்பர் இருக்கும் இடம், அம்மா ராத்திரி எழுந்து ‘வீட்டுக்குப் போகணும்’ என்று சொன்னால் மறுத்துப் பேசாமல் கையைப் பிடித்துக் கொஞ்சம் நடக்க வேண்டும் என்பது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். 14ஆம் தேதி அந்த வீட்டில் இருக்காதீர்கள். தோழி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.