1008 அகலை மிச்சமில்லாமல் அடுக்குவது எப்படி?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டக் கோயிலில் கார்த்திகை தீபத்துக்கு 1008 அகல் ஏற்றப் போகிறோம். முன்வாசலில் 30-க்கு 30 அடி சிமெண்டுத் தரை. பத்துப் பத்தாக வைத்தாலும் 25, 25 ஆக வைத்தாலும் எட்டு மிஞ்சுகிறதே?

பதில்: மிஞ்சத்தான் செய்யும். 1008-ஐப் பகா எண்களாகப் பிரித்தால் நான்கு 2, இரண்டு 3, ஒரு 7 கிடைக்கும், 5 கிடையாது. அதனால் 5, 10, 25 எதுவும் ஒத்துவராது. மற்றபடி தாராளமான எண்தான்: 1000-க்குக் காரணிகள் 16, இதற்கு 30. செவ்வகமாக அடுக்க 15 வழி உண்டு. அவற்றில் சதுரத்துக்கு மிக நெருங்கியது 28 × 36. உங்கள் தரைக்கு அதுவே பொருத்தம்.

அகலுக்கு அகல், நடுவிலிருந்து நடு 9 அங்குலம் விடுங்கள். 28 வரிசையையும் ஒட்டி வைத்துவிட்டால் நடுவில் உள்ளதற்குக் கை எட்டாது. எட்டி ஏற்றப்போய்ச் சேலைத் தலைப்பில் தீப்பிடிக்கும். ஏழேழு வரிசையாக நான்கு பட்டைகள் போட்டு, இடையில் 2 அடி நடைபாதை விடுங்கள். பட்டைக்கு 252 அகல், அகலம் நாலரை அடி. நடு வரிசை எந்தப் பக்கத்திலிருந்தும் இரண்டேகால் அடிதான். மொத்தம் 24 அடிக்கு 26¼ அடி. முதலில் நூல் பிடித்துச் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். கண் மதிப்பில் வைத்தால் பத்தாவது வரிசைக்குள் கோணிவிடும்.

நடுவில் குத்துவிளக்கு வேண்டுமென்றால் இன்னொரு வழி உண்டு, அழகும் அதில்தான் கூடுதல். 32 × 32 என்றால் 1024. நடுவில் 4 × 4, அதாவது 16 இடத்தைக் காலியாக விட்டால் சரியாக 1008. 14 × 18 அகலில் நான்கு கட்டங்கள் போட்டு, வெளி ஓரம் ஒவ்வொன்றிலும் ஒன்றின் 18-ம் அடுத்ததன் 14-ம் சேரும்படி காற்றாடி போலச் சுற்றி வையுங்கள். நடு இடம் தானாக விழும். மொத்தம் 23¼ அடிச் சதுரம். ஆனால் இதில் நடைபாதை கிடையாது. நீளக் குச்சியில் திரி சுற்றி, உள்ளிருந்து வெளியே ஏற்றிக்கொண்டே வர வேண்டும்.

மொய்ப்பணத்துக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) சேர்ப்பதுபோல் ஒன்று கூட்டி 1009 ஆக்கிவிடாதீர்கள். அது பகா எண். ஒற்றை வரிசை தவிர வேறெப்படியும் அடுக்க முடியாது. குத்துவிளக்கைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வையுங்கள். அகல் 50 கொண்ட பெட்டியாக வந்தால் 21 பெட்டி வாங்கலாம். மீதி 42, உடைந்ததற்கு மாற்றாகும்.