கடலைப் பார்த்த பக்கம் மட்டும் கருகும் மாங்கன்றுகள்

கேள்வி: கடலூர் தாழங்குடாவை ஒட்டி, கடலிலிருந்து ஏறத்தாழ 250 மீட்டர் தள்ளி எங்களுக்கு ஒரு ஏக்கர் மணற்பாங்கான பட்டா நிலம் உள்ளது. அதில் வைத்த ஒட்டு மாங்கன்றுகளில் கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் நுனியிலிருந்து கருகுகின்றன. உரக்கடையில் பூசணக்கொல்லி தெளிக்கச் சொல்கிறார்கள். பக்கத்து நிலத்துக்காரரோ கிழக்கு எல்லையில் எட்டடிச் சுவர் எழுப்பச் சொல்கிறார். எல்லையிலுள்ள பழைய புன்னை மேற்கே சாய்ந்திருக்க, தென்னைகள் கடலை நோக்கிச் சாய்ந்திருப்பதும் குழப்பமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பூசணக்கொல்லி வேண்டாம். பூசண நோயாக இருந்தால் புள்ளிகள் இலைப்பரப்பில் அங்குமிங்கும் தோன்றும். மரத்தின் நான்கு பக்கமும் பாதிக்கப்படும். சாம்பல் சத்துக் குறைவாலோ, ஆழ்குழாய்க் கிணற்று நீர் உவராகிவிட்டதாலோ ஏற்படும் நுனிக்கருகலும் இப்படித் திசை பார்த்து வருவதில்லை. கிழக்கு முகம் மட்டும் கருகி, மேற்கு முகம் பசுமையாக இருக்குமானால் அது காற்றில் வரும் உப்பின் வேலை. கடலோரம் என்பதால் பாசன நீரையும் ஒருமுறை உவர்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஆனால் அது இரண்டாவது வேலைதான்.

உப்பு 250 மீட்டர் எப்படி வருகிறது என்று கேட்கத் தோன்றும். அலை உடையும்போது காற்றை உள்ளே இழுத்து அடக்கிக்கொள்கிறது. அக்காற்று குமிழிகளாக மேலெழுந்து வெடிக்கையில், ஒவ்வொரு குமிழியும் கண்ணுக்கே தெரியாத நீர்த்துளிகளை மேலே தெறிக்கிறது. பெரிய துளிகள் கரையோரத்திலேயே விழுந்துவிட, நுண்துளிகள் காற்றோடு பல கிலோமீட்டர் தூரம்கூட உள்நாட்டுக்குள் வரும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வங்கக் கடலில் ஆற்று நீர் கலப்பதால் அதைவிடச் சற்றுக் குறைவு. துளியிலுள்ள நீர் வெயிலில் வற்றும்போது உப்பு மட்டும் செறிந்து இலைமேல் படிகிறது. காற்றில் பறக்கும் மணல் இலைத்தோலைக் கீறிவைத்திருப்பதால் அந்த உப்பு உள்ளே புக வழி ஏற்படுகிறது. உள்ளே போன உப்பிலுள்ள குளோரைடு நுனிக்கும் ஓரத்துக்கும் நகர்ந்து அங்கேயே சேர்வதால்தான் கருகல் நுனியில் தொடங்குகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே கசிந்து நீராகிவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் பார்ப்பது இதைத்தான். பகலில் இலைமேல் உலர்ந்து கிடக்கும் உப்பு, கடலோர இரவின் ஈரத்தில் மீண்டும் கரைந்து இலைக்குள் இறங்குகிறது. இதனால்தான் பாதிப்பு வடகிழக்குப் பருவமழைக் காலத்தைவிட, மழை இலையைக் கழுவாத பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் கூடுதலாகத் தெரியும். அம்மாதங்களில் பிற்பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் கடற்காற்று தினமும் உள்ளே வீசுகிறது.

உங்கள் புன்னையைக் காற்று சாய்க்கவில்லை. அடிமரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் நேராகவே இருக்கும். புன்னை உப்பைத் தாங்கும் மரம் என்றாலும், கடல்முகத்து இளமொட்டுகள் ஆண்டுதோறும் உப்பிலும் காற்றிலும் மடிந்துபோக, மேற்குப் பக்க மொட்டுகள் மட்டும் பிழைத்துக் கிளையாகின்றன. கடல் பக்கம் கைவைத்துப் பார்த்தால் விரலளவு நீளத்தில் பட்டுப்போன குச்சிகள் நெருக்கமாகத் தட்டுப்படும். சாய்வாகத் தெரிவது அந்த இழப்பின் கணக்கு.

தென்னையின் கதை வேறு. அதற்குப் பக்கக் கிளை கிடையாது. இருக்கும் ஒரே குருத்தும் மட்டைகளின் அடிப்பகுதிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆகவே உப்பு அதன் வடிவத்தை வெட்டி மாற்ற முடிவதில்லை. தோப்பின் விளிம்பில் நிற்கும் தென்னைக்கு மேற்கே மற்ற மரங்களின் நிழல், கிழக்கே திறந்த வானம். எனவே வெளிச்சம் மிகுந்த பக்கம் வளர்கிறது. கரை மணல் அரித்து வேர்ப்பிடி தளர்ந்தாலும் அதே பக்கம் சாயும் என்பதால், அடியில் வேர் வெளியே தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி சுவர். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முழுதும் அடைத்த சுவரில் மோதும் காற்று மேலேறி, பின்புறம் சுழன்று இறங்கும். உப்பும் கூடவே இறங்கும். செலவும் வீண். பாதியளவு காற்றை ஊடுருவ விடும் உயிர்வேலியே அதன் வேகத்தை நெடுந்தூரம் குறைக்கிறது. உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம்வரை பயன் தெரியும். மேலும், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் கடற்கரையின் உயர் ஓத எல்லையிலிருந்து (கடல்நீர் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து) 500 மீட்டர்வரை பொருந்துவதால், பட்டா நிலமானாலும் அனுமதி கேட்காமல் கட்டுமானம் தொடங்கக் கூடாது.

வேலியைக் கடல் பக்கம் தாழ்வாகவும் உள்ளே வரவர உயரமாகவும் அமைக்க வேண்டும். கிழக்கு எல்லையில் தாழை, அதன்பின் பூவரசும் புன்னையும், அதற்கும் பின்னால் முக்கோண நடவில் இரண்டு அல்லது மூன்று வரிசைச் சவுக்கு. சவுக்கின் ஊசி போன்ற மெல்லிய கிளைகள் நுண்துளிகளை நன்றாக வடிகட்டும். மூன்று நான்கு ஆண்டுகளில் அது ஆறேழு மீட்டர் வளரும்போது சுமார் அறுபது மீட்டருக்கு மறைப்புக் கிடைக்கும். கிழக்கே உயரும் வேலி காலை வெயிலை மறைக்கும் என்பதால், மாவின் முதல் வரிசைக்கும் சவுக்குக்கும் இடையே குறைந்தது சவுக்கின் உயரமளவு இடைவெளி விடுங்கள். அதற்குள் இருக்கும் கன்றுகளை இப்போதே பிடுங்கி மாற்றுவது சிரமம்தான். ஆனால் நிழலில் நிற்கும் மா பூப்பதில் உங்களை ஏமாற்றும்.

கரையை ஒட்டிய மணல்மேட்டில் சவுக்கு நடுவதைப் பலர் நல்ல காரியமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே படரும் அடும்புக் கொடிக்கும் இராவணன் மீசைப் புல்லுக்கும் முழு வெயில் தேவை. சவுக்கின் நிழலும் சருகும் விழுந்தால் இரண்டும் அழியும். பறக்கும் மணல் பெரும்பாலும் தரையிலிருந்து முழங்காலளவுக்குள்தான் துள்ளி நகர்கிறது. அதைப் பிடித்து மேடாக்க முழங்காலளவு கொடியும் புல்லும் போதும். அந்த மேடு நிலைத்தால்தான் உங்கள் இலைகளைக் கீறும் மணல் குறையும். எனவே அங்குள்ள கொடிகளை ஆடுமாடு மேயாமலும், யாரும் மணல் அள்ளாமலும் பார்த்துக்கொள்ள ஊராட்சியோடு பேசுங்கள்.

ஐப்பசி மழை மண்ணை நனைத்தவுடன் நடவைத் தொடங்கலாம். வேலி எழும்வரை, மாங்கன்றுகளின் கிழக்கே தென்னங்கீற்றை இடைவெளி விட்டுக் கட்டி நிறுத்துங்கள். மழையில்லா மாதங்களில் கடற்காற்று தணிந்தபின், இருட்டுவதற்குள் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவுங்கள். கிணற்று நீர் உவராக இருந்தால் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கருகிய இலைகளை உடனே வெட்ட வேண்டியதில்லை. அடுத்த தளிர் முற்றும்வரை அவை பின்னாலுள்ள இலைகளுக்குச் சிறு மறைப்பாக இருக்கட்டும்.