உடைந்த கல்தொட்டிதான் உங்கள் வழக்கு

கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து வாசகர் ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து ஊற்றிலிருந்துதான் நாற்பது வீடுகள் மூன்று தலைமுறையாகக் குடிநீர் எடுத்து வந்தன. தோட்டத்தை வாங்கிய புதிய உரிமையாளர் விடுதி கட்டுவதற்காகச் சென்ற ஆண்டு பிப்ரவரியில் பொக்லைனை இறக்கிச் சரிவை வெட்டினார். ஊற்றடியில் இருந்த சதுப்பு மண்மூடிப் போனது, நீர் நின்றது. ஆட்சியரிடம் ஆறு மனுக்கள் கொடுத்தும் பலனில்லை. ஒன்பது மரங்கள் வெட்டப்பட்டதையும் சொல்லி, உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுக்கலாமா என்று கேட்கிறார்.

ஐயா, புதிய உரிமையாளரின் ஆணவம், ஊராட்சியில் யார் யாருக்கு விலைபோனார்கள் என்ற விவரம், கோயில் திருவிழாவில் நடந்த அவமரியாதை ஆகியவற்றை ஒதுக்கி வைத்துவிடுகிறேன். எந்த நீதிமன்றமும் அவற்றைக் கேட்கப் போவதில்லை. ஐந்தாம் பக்கத்தின் நடுவில், 'எங்கள் தாத்தா காலத்தில் கட்டிய கல்தொட்டியையும் உடைத்துவிட்டார்கள்' என்று ஒரு வரி எழுதிக் கடந்துபோயிருக்கிறீர்கள். உங்கள் வழக்கு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

மூன்று தலைமுறையாகக் குடித்தோம் என்பது தனியாக நின்றால் போதாது. பிறர் நிலத்தில் ஒருவருக்குள்ள வழி, நீர் போன்ற உரிமைகளைச் சொல்லும் 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டப்படி, வரையறுத்த ஓடையாக ஓடாமல் கசிந்தும் ஊறியும் பரவும் நீரை நிலத்துக்காரர் தன் எல்லைக்குள் தன் விருப்பப்படி பயன்படுத்தலாம். அத்தகைய நீர்மீது எத்தனை ஆண்டு அனுபவித்தாலும், நெடுநாள் அனுபவத்தால் வரும் உரிமை பிறக்காது என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆற்றுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம், ஆறு பிறக்கும் சதுப்பைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கு உண்டு: மேற்பரப்பு நீர் குளத்திலோ தொட்டியிலோ நிரந்தரமாகத் தேக்கப்பட்டிருந்தால் தடை பொருந்தாது. ஆகவே ஊற்றுநீர் வெளியே வந்து விழுந்த இடத்தில் கல்தொட்டி இருந்தது, அதை உங்கள் ஊரார் கட்டினார்கள், அதிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் யாரையும் கேட்காமல் வெளிப்படையாக நீர் எடுத்தார்கள் என்று நிரூபித்தால், 15-ஆம் பிரிவின்படி உங்களுக்கு உரிமை உண்டு. தொட்டிக்குக் கீழே ஓடை தொடங்கும் இடம் நில அளவைத் துறையின் புலப்படத்தில் காட்டப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. ஓடைக்கரை நிலத்துக்காரருக்கு நீரின் அளவும் போக்கும் குலையாமல் பெறும் இயற்கை உரிமை இருக்கிறது, அதற்கு இருபது ஆண்டுக் கணக்கே தேவையில்லை.

இப்போது நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். நீங்கள் இணைத்திருக்கும் மூன்றாவது மனுவின் நகலில், 'பழைய முதலாளி பெரிய மனதோடு எங்களை நீர் எடுத்துக்கொள்ள அனுமதித்திருந்தார்' என்று எழுதி நாற்பது பேரும் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். புதியவரைக் கெட்டவராகக் காட்டுவதற்காகப் பழையவரைப் புகழ்ந்தீர்கள். அந்தப் புகழ்ச்சிதான் எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாக இருக்கும். அனுமதி பெற்று அனுபவித்தது உரிமையாகாது, அது வெறும் லைசென்ஸ். ஈஸ்மெண்ட் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி, லைசென்ஸ் கொடுத்தவர் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது. குன்னூர்ப் பக்கத்து வழக்கு ஒன்றில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் என் தரப்புச் சாட்சி. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: 'அந்தத் தோட்டத்துக்காரர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பீர்களா?' பெரியவர் யோசிக்கவே இல்லை. 'எப்படிங்க எடுப்போம், அவர் நல்ல மனுஷன்' என்றார். அத்தோடு வழக்கு முடிந்தது. உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையிலேயே அனுமதி கேட்டுத்தான் எடுத்தீர்களா, அல்லது யாரையும் கேட்காமல் எடுத்ததைப் பிற்பாடு நன்றியுணர்ச்சியால் 'அனுமதி' என்று எழுதினீர்களா என்பதை ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். முதலாவதுதான் உண்மையென்றால் வழக்கை மறந்துவிட்டு இந்தப் பதிலின் கடைசிப் பத்தியைப் படியுங்கள்.

மனு கொடுத்துக்கொண்டே இருந்தால் காலம் நிற்கும் என்ற நம்பிக்கையும் பலரைக் கவிழ்த்திருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக, அதன் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் ஆறு மாதம், தகுந்த காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். அதுவும் பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து. பொக்லைன் இறங்கிய நாளே அந்த நாள். அக்டோபரோடு அந்தக் கதவு மூடிவிட்டது. இழப்பீடும் சீரமைப்பும் கோரும் அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவுக்கு ஐந்தாண்டு உண்டு என்றாலும், தீர்ப்பாயத்தின் அட்டவணையில் உள்ள ஏழு சட்டங்களில் ஒன்றையாவது தொட்டாக வேண்டும். நீங்கள் பெரிதாக நம்பும் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஏழில் இல்லை. உரிமையியல் நீதிமன்றத்திலும் ஒரு கெடு இருக்கிறது: அந்த இருபது ஆண்டு அனுபவம், வழக்குத் தொடுக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் அடுத்த பிப்ரவரிக்குள். மனுக்களால் கிடைக்கும் ஒரே பயன், தடையை நீங்கள் மௌனமாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு அவை சான்றாகும் என்பதுதான்.

பொதுநல வழக்கு வேண்டாம். பியாஸ் ஆற்றின் போக்கை ஒரு விடுதி திருப்பிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பொது நம்பிக்கைக் கோட்பாட்டை, அதாவது இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகக் காக்க வேண்டிய அறங்காவலர் என்பதை, நீங்கள் மேற்கோள் காட்டுகிறீர்கள். அங்கே அரசு குத்தகைக்கு விட்ட வனநிலம், இங்கே தனியார் பட்டா. மேற்குத் தொடர்ச்சி மலையில் கட்டுமானம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் சூழல் கூருணர்வுப் பகுதி அறிவிக்கையும் கைகொடுக்காது; அது 2014-இலிருந்து திரும்பத் திரும்ப வரைவாகவே வெளிவருகிறது. அந்த வரைவும் தடுக்க நினைப்பது 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களைத்தான், பன்னிரண்டு அறை விடுதியை அல்ல.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஓடைப் புறம்போக்கை அளக்கச் சொல்லி வட்டாட்சியருக்கு எழுதியிருக்கிறீர்களே, உங்கள் தேயிலை வரிசைகள் ஓடைக்கரையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன? கீழ்மடையில் சதுப்பை வெட்டி வடித்துக் காரட் போட்டவர்கள் உங்கள் ஊரில் ஒருவரும் இல்லையா? சர்வேயரின் சங்கிலி மேலேயிருப்பவர் வேலியோடு நின்றுவிடாது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் முதல் நோட்டீஸ் மனுதாரருக்கே வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நேராகச் சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். புதிய தொட்டி கட்டித் தருகிறேன், குழாய் போட்டுத் தருகிறேன் என்று அவர் ஆள் அனுப்பியதை அவமானம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே நல்ல செய்தி அதுதான். ஆனால் குழாயை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஊற்றுக்கு மேலே உள்ள சரிவை வெட்டாமல் விடுவது, மூடிய மண்ணை அகற்றுவது, அங்கே ஆழ்துளைக் கிணறு போடாமலிருப்பது, தொட்டியைத் தூர்வார நீங்கள் உள்ளே வருவது ஆகிய நான்கும் வரைபடத்தோடு எழுதப்பட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பதிவாகாத காகிதம் அவரிடமிருந்து வாங்குகிற அடுத்த ஆளிடம் செல்லாது. ஊர் என்ற பெயரில் ஒருவர் கையெழுத்திட்டால் மற்ற முப்பத்தொன்பது பேரைக் கட்டாது. ஒவ்வொரு வீட்டின் சர்வே எண்ணும் பத்திரத்தில் வரட்டும். மரம் வெட்டிய புகாரைத் திரும்பப் பெறுகிறோம் என்று மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள்; குற்ற நடவடிக்கையை விலைக்கு விடும் ஒப்பந்தம் செல்லாது, மொத்தப் பத்திரத்தையும் அது கெடுத்துவிடும். பேச்சுவார்த்தை நவம்பருக்குள் முடியாவிட்டால், தொட்டியின் உடைந்த கற்கள் கிடக்கும் நிலையைப் பதிவுசெய்ய நீதிமன்றம் நேரில் பார்த்து அறிக்கை தர அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர் நியமனம் கோரும் மனுவோடு சேர்த்து வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். அதுவரை அந்தக் கற்களை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.