காரில் ஒரு பக்க பிரேக் லைட் மட்டும் எரியவில்லை. மெக்கானிக்கிடம் போகாமல் நானே மாற்ற முடியுமா?

தாராளமாக மாற்றலாம். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்புதான் போயிருக்கும். இரண்டு பக்கமும், நடுவில் மேலே இருக்கும் விளக்கும் சேர்ந்தே எரியவில்லை என்றால், பல்பு வாங்குவதற்கு முன் ஃபியூஸையும் பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சையும் பாருங்கள்.

வண்டியை அணைத்து, பல்பு ஆறட்டும். டிக்கியைத் திறந்தால் பல வண்டிகளில் டெயில் லேம்ப்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தெரியும். கழற்றி, லேம்ப்பை நேராகப் பின்னால் இழுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் பிளாஸ்டிக் கிளிப் உடைந்துவிடும். ஹோல்டரை இடப்பக்கம் திருகினால் கையோடு வரும். பல்பை லேசாக அழுத்தித் திருப்பி எடுங்கள்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பல வண்டிகளில் இருப்பது 12 வோல்ட், 21/5 வாட் பல்பு. உள்ளே இரண்டு இழைகள்: பிரேக்குக்கு 21 வாட், பார்க்கிங் லைட்டுக்கு 5 வாட். பல்பின் அடிப்பகுதியில் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு சிறு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. அதனால் ஒரு பக்கமாகத்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் அரைச் சுற்று திருப்பிப் போடுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். பழைய பல்பைக் கையோடு கொண்டுபோய் அதே மாதிரி கேட்டு வாங்குவது நல்லது. ஹோல்டரில் பச்சை படிந்திருந்தால் சுரண்டிவிடுங்கள். புது பல்பும் எரியாமல் போக அதுவே காரணமாகலாம்.

எல்இடி டெயில் லேம்ப் என்றால் இதெல்லாம் பொருந்தாது. பெரும்பாலும் முழு லேம்ப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஸ்க்ரூவை முடுக்குவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். துணைக்கு ஆள் இல்லையா? இருட்டியதும் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். இரண்டு பக்கமும் சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியிலேயே தெரிந்துவிடும்.